அறுந்த கம்பியும் அடியேனும்

அரும்பொருள்களை ஆள்வதோடு அவற்றை அடைகாக்கும் எங்களையும் ஆண்டுகொண்டிருக்கும் அவைத்தலைவர், எங்கள் இயக்குநர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, மடியில் இருக்கும் பிள்ளை வாய் திறக்கும்போதெல்லாம் கண்ணாலேயே அடக்கிய தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சிலைகளுக்கு நடுவே சிலையாக நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த அருங்காட்சியகக் காப்பாட்சியனின் அன்பு வணக்கம்.

இடைவேளையில் நிம்மதியாகத் தேநீர் குடிக்க விடாமல் இவன் எதற்கு மேடையேறினான் என்றுதானே பார்க்கிறீர்கள்? எனக்குப் பின்னால் பியானோவின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் சுருதிக்காரர். இன்றைய இரண்டு சிம்பொனிகளில் முதலாவதன் கடைசிப் பக்கத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்ததே, அது இசையில் இல்லை. கம்பி அறுந்த சத்தம் அது. புதுக் கம்பி கட்டக் கால்மணி நேரம் ஆகுமாம். “அதுவரைக்கும் நீங்க ஏதாவது பேசிக்கிட்டிருங்க சார், உங்களுக்குச் சொல்லியா தரணும்” என்றார். அங்கே சிரிப்பது என் மனைவி. நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.

சிம்பொனி என்றால் என்ன? எண்பது பேர் கூடி, வயலினும் குழலும் எக்காளமும் முரசும் முழங்க வாசிக்கும் பேரிசை. அதைப் பத்து விரலுக்குச் சுருக்கிப் பியானோவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டுக்குடும்பத்துச் சண்டையை ஒரே மருமகள் மாமனார் குரலிலும் மாமியார் குரலிலும் கொழுந்தன் குரலிலும் நடித்துக் காட்டுவது போன்ற வேலை. அதைத்தான் சற்றுமுன் தனியொருத்தியாகச் செய்து காட்டினார் நம் டாக்டரம்மா. பகலெல்லாம் பல் பிடுங்கும் கை. உங்களில் பாதிப் பேர் அந்தக் கையைக் கண்டு நடுங்கியவர்கள். இன்று அதே கைக்குக் கைதட்டினீர்கள்.

இந்த ஊரில் பெரிய பியானோ இது ஒன்றுதான். இதை வாசிக்க அவர் நான்கு ஆண்டுகள் மனுக் கொடுத்தார். நான்கு ஆண்டுகளும் மறுத்தவன் நான். கடைசியில் அம்மையார் மனமிரங்கி ஒரு நிபந்தனை போட்டார்கள்: “பியானோவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அத்தோட வாசிப்பு நின்னுடும். அப்புறம் அது வெறும் காட்சிப்பொருள்தான்.” டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். இன்று காலை ஒத்திகைக்கு உட்கார்ந்து கட்டையில் விரல் வைத்ததும் எங்கள் காவலர் பாய்ந்து வந்து, “அம்மா, தொடாதீங்க” என்றாரே பார்க்கலாம். இருபது வருடப் பழக்கம். காவலரே, தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், உங்களைவிடப் பெரிய தப்புச் செய்தவன் ஒலிவாங்கி முன்னால் நிற்கிறான்.

மூன்று வாரங்களுக்கு முன் சுருதிக்காரர் என்னிடம் வந்து சொன்னார்: “சார், மேல ஒரு கம்பி துருப்பிடிச்சிருக்கு. மாத்திடலாம்.”

“அது நூறு வருஷத்துக் கம்பி. அசல் பொருள். இங்க ஒரு ஆணியக்கூட மாத்தக்கூடாது” என்றேன்.

“அசலா இருக்கணுமா, வாசிக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“ரெண்டும்தான்” என்றேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அறுந்தது அந்தக் கம்பிதான்.

இந்தச் செய்தியை நான் அம்மையாரிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, “நான்தான் ரொம்ப அழுத்தி அடிச்சுட்டேன், எல்லாம் போச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான்கு ஆண்டுகள் வீட்டுச் சின்னப் பியானோவில் அவர் பயின்றது இனி வரவேண்டிய இரண்டாவது சிம்பொனியை.

அவையோரே, அறுத்தது அவர் விரலா? இல்லை. அவர் வேகமா? இல்லை. அறுத்தது என் அகந்தை, என் அடம், அசல் அசல் என்று அரற்றிய என் அறியாமை. எந்தப் பொருளையும் தொடவிடாமல் காப்பதுதான் கடமை என்று இருபத்தாறு ஆண்டுகள் இருந்துவிட்டேன். இன்று அந்தப் பியானோ வாய் திறந்தபோது, அத்தனை ஆண்டுகளும் எதைக் காத்தோம் என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது. வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. அம்மையார் அவர்களே, நிபந்தனையை மீறியவன் நான். தண்டனை எனக்கு இருக்கட்டும், பியானோவுக்கு வேண்டாம்.

பொறுங்கள், அம்மையார் ஏதோ சொல்கிறார்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? அப்படியே சொல்கிறேன்: “கம்பி எத்தன வேணும்னாலும் மாத்துங்க. அவங்க வாசிக்கட்டும், இன்னிக்கும் வாசிக்கட்டும், அடுத்த மாசமும் வாசிக்கட்டும். உங்ககிட்ட நான் நாளைக்குப் பேசிக்கிறேன்.”

நாளைக்கு நான் பட்டுக்கொள்கிறேன். சுருதிக்காரர் தலையை வெளியே எடுத்துவிட்டார். புதுக் கம்பி கொஞ்சம் இளகுமாம், ஒரு சுரம் அப்படி இப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவி கொடுத்தவர்களுக்கும், சிரித்த மனைவிக்கும், மன்னித்த அவைக்கும் நன்றி சொல்லி, எல்லாரையும் வணங்கி இறங்குகிறேன். டாக்டரம்மா, கதவருகே நிற்பது தெரிகிறது. வாருங்கள். நன்றாக அழுத்தியே வாசியுங்கள்.