இரண்டாம் ரோலரின் பச்சை விளக்கு

விளக்குக்குப் பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, சேர். முதலில் நிறம், அடுத்து அந்த விளக்கு என்ன சொல்லவேண்டும் என்பது, கடைசியில் இலக்கம். சிலர் வெறுமனே 'விளக்கு ஒன்று' என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் வருகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். நான் அப்படி வேலை செய்கிறவன் இல்லை.

எங்கள் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. சிவப்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. ரோலர் ஓய்ந்து நின்றாலும் தானாகவே திரும்பச் சுற்றும். பச்சை எரிந்தால் கரண்ட் கட், கை வைக்கலாம். எந்த விளக்குக்கு என்ன பெயர் என்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் உண்டு. பெயரைப் பார்த்துத்தான் அது விளக்கை எரிய வைக்கும். அந்த ஃபைலை எழுதியவன் நான்.

விளக்கு வருவதற்கு முன்பு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிக்கிய கொழுந்தை எடுக்கப் போகிறவர் "கை உள்ள" என்று கத்துவார். சுவிட்ச் பக்கம் நிற்பவர் கரண்டை நிறுத்திவிட்டு "கட்டாச்சு" என்று பதில் கொடுப்பார். பதில் வராமல் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் சோமசுந்தரம் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிற இடமாம்.

"இதென்ன சந்தையா? லைட்டு போட்டுக் குடுத்திருக்குல்ல, அதப் பாருங்க. இனிமே எவனும் பதில் குடுக்கக் கூடாது."

என் அக்கா பிரியந்தி அன்று ஒரு ரோலரில் சிக்கிய கொழுந்தை எடுக்கப் போய், பழக்கத்தில் "கை உள்ள" என்று கத்திவிட்டாள். நான் ஏணியில் நின்று அந்த ரோலரின் விளக்கைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் பக்கம் நின்றவர் செல்லசாமி மாமா. அவர் டீமேக்கரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார், சுவிட்சையும் தொடவில்லை. அக்கா தயங்கினாள்.

"என்னம்மா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? கைய விடு," என்றார் டீமேக்கர்.

விட்டாள். வலது முழங்கைக்குக் கீழே அவளுக்கு இப்போது ஒன்றும் இல்லை.

விசாரணையில் டீமேக்கர் சொன்னார்: "லைட்டு செவப்பாத்தான் இருந்துச்சு. பாக்காதது அவ தப்பு. லைட்டு பொய் சொல்லாது." செல்லசாமி மாமாவும் தலையாட்டினார். எரிந்தது சிவப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பொய் சொல்லுமா சொல்லாதா என்பது என் கையில் இருக்கிற வேலை.

ஃபைலில் இரண்டாவது, மூன்றாவது ரோலர்களின் விளக்குகளுக்கு இலக்கத்தை இடம் மாற்றினேன். அவ்வளவுதான். டீமேக்கரின் பாஸ்வேர்டில் போய் மாற்றினேன். சோம்பலில் அவரே எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. இனி மூன்றாவதை நிறுத்தினால் இரண்டாவதற்கு மேலே பச்சை எரியும்.

விருந்தாளிகள் வந்தால் டீமேக்கர் வாசலோரத்து ரோலருக்குள் தானே கைவிட்டு, இலையை அள்ளி முகர்ந்து காட்டுவார். அது இரண்டாவது ரோலர். அவருக்கும் ஒரு கை போகவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

விருந்தாளிகள் வந்த அன்று, கிரீஸ் போடவேண்டும் என்று சொல்லி மூன்றாவதை நிறுத்தினேன். ஓய்ந்து நின்ற இரண்டாவதற்கு மேலே பச்சை எரிந்தது. டீமேக்கர் புதுக்கோட்டு போட்டு வந்திருந்தார். கறை படும் என்று யோசித்தாரோ என்னவோ, "செல்லசாமி, கொஞ்சம் எல எடுத்துக் காட்டு," என்றார்.

மாமா விளக்கைப் பார்த்தார். பார்த்தும் கை வைக்கவில்லை. சுவிட்ச் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "விஜி, கை உள்ள," என்றார்.

அக்கா கத்தியபோது அவர் எப்படி நின்றார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"கட்டாச்சு மாமா," என்றேன்.

கை மட்டும் போகவில்லை. கழுத்துத்துண்டும் சிக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, றொசல்ல ஊரைத் தாண்டுவதற்குள், முடிந்துவிட்டது.

பாஸ்வேர்டை வைத்து டீமேக்கரைப் பிடித்து உள்ளே போட்டீர்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அவரை விடச்சொல்லியும் நான் வரவில்லை. அக்கா போகச் சொன்னாள், வந்தேன்.

அவள் விளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை, சேர். "மாமா கேட்டாராம்ல. யாருடா பதில் குடுத்தா?" என்றாள். நான்தான் என்றேன். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நான் கத்துனப்ப வெளக்குக்குப் பக்கத்துல நீதான நின்ன. செவப்புன்னு ஒனக்குத் தெரியுமே. அப்ப வராத வாயி, இப்ப எப்புடிடா வந்துச்சு?"

பெயரை மாற்றியது நான், பதில் கொடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா சொன்னதை மட்டும் எழுதவேண்டாம், சேர். வழக்குக்கு அது தேவைப்படாது.