நாற்பத்தொரு பவுனும் ஒரு குடமும்

பெயர் ஜெபராணி. வயது 51. காலஞ்சென்ற ஜெபமணியின் மனைவி. பழனிசெட்டிபட்டியில் சொந்த வீடு, பின்புறம் தோட்டம். தொழில் ஏலக்காய் வியாபாரம். 1975 மார்ச் 14-ஆம் தேதி காலை போலீஸ் நிலையத்துக்கு நானாகவே வந்து, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வது.

எனக்குப் பிள்ளை இல்லை. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்ற சட்டம் வந்த வருடத்திலிருந்து புது நகை வாங்குவதை விட்டுவிட்டு, ஏலக்காய் விற்ற ஒவ்வொரு பருவத்திலும் பழைய பவுன் காசாகத் தேடி வாங்கினேன். ராஜா தலை, ராணி தலை என்று வருடவாரியாகப் பிரித்துப் பால்பவுடர் டின்னில் வைத்திருந்தேன். மொத்தம் 41. எதற்கும் பில் கிடையாது, எங்கும் கணக்குக் காட்டவில்லை. ஊரில் என்னைக் கஞ்சப்பிசினாறி என்பார்கள். அது பொய்யில்லை.

8-ஆம் தேதி சனிக்கிழமை, பஜாரில் நான் காசு வாங்கும் கடையில் தங்கக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதனை போடுவதாகவும், கடைக்காரர் என் பெயரைச் சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். பயந்துபோய் டின்னை ஒரு கல்லோடு சேர்த்துத் துணியில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் போட்டேன். அன்று யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட டின் நினைப்பாகவே இருந்தேன். அதன் பிறகு திங்கட்கிழமை காலை, கிணறு தூர் வாரும் சுருளியாண்டி என்பவரை வரவழைத்தேன்.

கிணற்றில் ஒருவர் இறங்கினால் மேலே இன்னோர் ஆள் நிற்பது அவர்கள் வழக்கம். மச்சினனைக் கூட்டிவருவதாக அவர் சொன்னார். இன்னொருவருக்கு விஷயம் தெரியக் கூடாது என்று நான் மறுத்து, நானே நிற்பதாகச் சொன்னேன். கரண்ட் இல்லாததால் கிணற்றின் உள்திட்டில் இருந்த ஆயில் என்ஜினை மூன்று மணி நேரம் ஓட்டித் தண்ணீரை இறைத்தோம். நிறுத்திய பிறகும் உள்ளே புகை அடைத்து நின்றது. சாயங்காலம் வரை ஆறட்டும் என்றார். அதற்குள் அதிகாரிகள் வந்து வற்றிய கிணற்றைப் பார்த்துவிடுவார்கள் என்று அவசரப்படுத்தியது நான்தான்.

மதியம் சுமார் ஒரு மணிக்கு அவர் திட்டு வரை படியிலும், அதற்குக் கீழே தென்னையில் கட்டிய கயிற்றைப் பிடித்தும் இறங்கினார். சேற்றைத் துழாவி டின்னை எடுத்துக் கயிற்று நுனியில் கட்டினார். நான் மேலே இழுத்தேன். அப்போது கீழேயிருந்து, "ஆத்தா, தலை கிறுகிறுங்குது. கயித்தச் சட்டுன்னு போடுங்க" என்றார். அது என் காதில் தெளிவாக விழுந்தது. ஆனால் டின் மூடி நெகிழ்ந்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. நான் டின்னை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டேன். காசுகளைப் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்து, வருடவாரியாகச் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அதற்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகு வந்து கயிற்றைப் போட்டேன். யாரும் பிடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் கத்தினேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து தூக்கியபோது அவருக்கு உயிர் இல்லை. என் வெண்கலக் குடம் கிணற்றில் விழுந்துவிட்டது, அதை எடுத்து மேலே அனுப்பிய பிறகு மயங்கிவிட்டார் என்று ஏட்டையாவிடமும், இறந்தவரின் மனைவி மலையம்மாளிடமும் சொன்னேன். அன்று நான் எழுதிக் கொடுத்ததும் அதுதான். அது பொய்.

நேற்று மலையம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். "அவுக கடைசியா எடுத்த கொடத்தக் கண்ணால பாக்கணும் ஆத்தா" என்றாள். அடுப்படியில் இருந்த குடத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் எந்த இடத்தைப் பிடித்திருப்பார் என்று கேட்டாள். நான் விளிம்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.  குடத்தை நீயே வைத்துக்கொள் என்றேன். கும்பிட்டுவிட்டு, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

41 காசுகளையும் டின்னோடு இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தக் குடத்தில் சுருளியாண்டியின் கை பட்டதே இல்லை. அதை மலையம்மாளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் துணிவில்லை.

இது நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) ஜெ. ஜெபராணி