நாலாவது குத்து

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். மல்லிகைப் பூ மூட்டையை மடியில் வைத்திருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கை மடிப்பில் நீலம் பாய்ந்திருந்தது.

“போன வாரம் எம்மக என்னைய நாலு தடவ குத்திப்புட்டா மாப்ள.”

“என்ன மச்சான் சொல்றீக?”

“லேப் டெக்னீசியன் படிக்கிறாள்ல, ரத்தம் எடுக்கப் பழகணும். ஊசியத் தொட்டாலே கை நடுங்குது, படிப்பே வேணாம்னு வீட்டுக்கு வந்துட்டா. மறுநாளே நான் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனேன். டீச்சரம்மாகிட்டக் கேட்டு, எம்மக முன்னாடி உக்காந்து கைய நீட்டிட்டேன்.”

“நீங்களேவா?”

“வேற யாரு நீட்டுவா? டீச்சரம்மா பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தாக. மொத ரெண்டு குத்துலயும் நரம்பு கிடைக்கல. மூணாவதும் தப்பிப்போச்சு. ‘போதும்ப்பா’ன்னு அழுதா. இந்தா அடுத்த கைன்னேன். நாலாவது குத்துல ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட லீவு போடல.”

“வலிக்கலையா மச்சான்?”

“வலிக்காம என்ன? அத அவகிட்டக் காட்ட முடியுமா?”

பேருந்து திண்டுக்கல்லுக்குள் நுழைந்தது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“பூவ எறக்கிட்டு ஊருக்குத்தான மச்சான்?”

“இல்ல மாப்ள, காலேஜுக்குப் போறேன். அவகூடப் படிக்கிற பிள்ளைக்கும் கை நடுங்குதாம். அதோட அப்பா கேரளாவுக்கு லாரி எடுத்துட்டுப் போயிருக்காராம்.”