கண் உள்ளவள்

துணிக்கடைக்குப் போனால், எடுத்த துணியை ஒரு தடவை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்ளே ஒரு நிறமாகவும் வெளியே வேறு நிறமாகவும் தெரிகிற துணிகள் நிறைய உண்டு. அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, சாயத்தின் சுபாவம் அப்படி. பத்தொன்பது வருஷம் சாய ஆலையில் நிறம் சேர்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வேலை இதுதான். வாடிக்கையாளர் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரித் துணி அனுப்புவார். அதே நிறம் வருவதற்கு எந்தச் சாயத்தில் எவ்வளவு போட வேண்டும் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சின்னத் துண்டில் சாயம் ஏற்றிக் காயவைத்து, மாதிரிக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்து வெளிச்சப் பெட்டிக்குள் பார்ப்போம். உள்ளே சாம்பல் நிறம் பூசிய பெட்டி. மேலே பகல் வெளிச்சம் தருகிற குழல்விளக்கு. ஆளுக்கொரு பெட்டி. இரண்டு துண்டுக்கும் நடுவில் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் ஷேடு, அதாவது நிறம், சேர்ந்துவிட்டது. தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சின்னவளை அந்த ஷேடு அறையில் சேர்த்துவிட்டதே நான்தான். கூடப் பிறந்த தங்கை, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டதும் நான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். படிப்பு முடித்து ஒரு வருஷம் வேலை கிடைக்காமல் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள். மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைத்தேன்.

எட்டே மாதம். நான் ஐந்தாறு தடவை போட்டுச் சேர்க்கிற ஷேடை அவள் முதல் தடவையிலேயே சேர்த்தாள். துணியை எடுத்துப் பார்த்து, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "இதுல சிவப்பு கொஞ்சம் ஒளிஞ்சிருக்குக்கா" என்பாள். போட்டுப் பார்த்தால் இருக்கும்.

"எப்படிடி கண்டுபிடிக்கிற?"

"பாத்தா தெரியுதேக்கா. உனக்குத் தெரியலையா?"

வெகுளியாகத்தான் கேட்டாள். எனக்கு நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஷேடு அறைக்குத் தலைமைப் பொறுப்பு ஒன்று உண்டு. முதல் தடவை அது காலியானபோது எனக்குக் கொடுக்காமல் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாயை மூடிக்கொண்டு அவருக்குக் கீழே மூன்று வருஷம் இருந்தேன். அவர் விலகிப் போனதும், இந்தத் தடவை உனக்குத்தான் என்று தரை துடைக்கிற அம்மா வரைக்கும் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் புதுச் செருப்பு வாங்கி வைத்தேன். மேலாளர் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உனக்கு அனுபவம் இருக்கு. அவளுக்குக் கண்ணு இருக்கு" என்றார். "எப்படியும் பதவி உங்க வீட்டுக்குள்ளதானே வருது" என்று சிரிக்கவும் செய்தார். நானும் கூடச் சிரித்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து ஒரே யோசனை. பேசாமல் தையல் கற்றுக்கொண்டிருக்கலாமோ, மருந்துக் கடையில் நின்றிருக்கலாமோ, தெரியாத்தனமாக இந்த அறைக்குள் நுழைந்துவிட்டேனோ என்று. முப்பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு நான் லாயக்கே இல்லையோ என்று ஒருத்திக்குத் தோன்றினால் அது என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாது. பொறாமை என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. வயிறெரிந்தது. அவள் பெட்டிக்குள் குனிந்து பார்க்கும்போது அந்தப் பின்கழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிந்தது.

அந்தச் சந்தேகத்தை எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி சுமந்துதான் ஆக வேண்டும். அவள் சின்ன வயசுக்காரி, தாங்குவாள் என்று நினைத்தேன்.

எங்கள் அறையில் ஒரு நடைமுறை உண்டு. பெட்டிகளின் விளக்குகளை வாரம் ஒரு முறை சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவள் என்பதால் அது என் பொறுப்பு. கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு விளக்கை யாரும் குறை சொல்லக் கூடாது. விளக்கு சரியில்லை என்பது வேலை தெரியாதவன் சொல்கிற சாக்கு என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவைப்போம். சின்னவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

நடைவழியில் எரிகிற சாதாரணக் குழல்விளக்கும் பெட்டியின் விளக்கும் ஒரே நீளம். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், நாற்காலி போட்டு ஏறி, சின்னவள் பெட்டியின் விளக்கையும் நடைவழி விளக்கையும் மாற்றி மாட்டினேன். அரை நிமிஷ வேலை. பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் பெட்டியில் சேர்ந்த ஷேடு மேலாளரின் பெட்டியில் சேரவில்லை. முதலில் ஒன்று, அப்புறம் மூன்று. பிறகு ஒரு லாரித் துணி நிறம் தப்பிப் போய் அப்படியே திரும்பி வந்தது. மேலாளர் கத்தவில்லை. அவளைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அதுதான் அவளை அதிகமாக வாட்டியது.

ஒரு தடவை மட்டும் என் காதோரம் வந்து, "அக்கா, விளக்கு மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள். சோதித்துவிடலாம் என்றேன். அவள் சாப்பிடப் போன நேரத்தில் சரியான விளக்கை மாட்டிவிட்டு, அவள் திரும்பியதும் மேலாளரை அழைத்துவந்து சோதித்துக் காட்டினேன். விளக்கில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு முன்னால் அவள் முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலம் அவள் போட்ட ஷேடு சரியாகச் சேர்ந்தது. அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று அவளே சொன்னாள். மறுநாள் காலை நான் மறுபடி நாற்காலியில் ஏறினேன்.

கண் மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் அழுதாள்.

"கண்ணுல கோளாறு இல்லன்னா வேற என்னக்கா எனக்கு?"

"எல்லாருக்கும் எல்லா வேலையும் ஒத்துவராதுடி. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

என் தோளில் சாய்ந்துகொண்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். உண்மையிலேயே பாவமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நீலத் துண்டை எடுத்துவா என்பேன்; எடுத்துவந்தால், "இது பச்சைடி" என்பேன். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கிற துண்டாகப் பார்த்துத்தான் கேட்பேன். வாரத்தில் இரண்டு தடவை, மிஞ்சிப் போனால் மூன்று. அளவுக்கு மீறினால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். கொஞ்ச நாளில் சட்டையை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் என்னிடம் நிறம் கேட்க ஆரம்பித்தாள். பொறுமையாகச் சொன்னேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னேன்.

அவளே மேலாளரிடம் போய், "எனக்கு இது வரலை சார். வேற எங்கயாவது போடுங்க" என்று சொல்லிவிட்டாள். தலைமைப் பொறுப்பு என்னிடம் வந்தது. அவளைச் சலவை மருந்து கலக்கும் அறையில் போட்டார்கள். ஒற்றைக் கதவு வைத்த சின்ன அறை அது. வெள்ளைக் கேன்கள் இரண்டு வகை. எல்லாம் ஒரே அளவு. ஒட்டின சீட்டெல்லாம் ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால் மூடியின் நிறத்தை வைத்துத்தான் வேலை. ஒரு வகைக்கு மஞ்சள் மூடி, இன்னொன்றுக்கு இளம்பச்சை. இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்துவிட்டால் கிளம்புகிற புகை ஆளைக் கொன்றுவிடும். எப்போதும் நெடி அடிக்கிற இடம், மூக்கு மரத்துப்போய்விடும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒருவர் மூடியின் நிறத்தைச் சொல்ல, இன்னொருவர் பார்த்து ஆமாம் என்ற பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று விதி. ஆமாம் சொல்கிற பொறுப்பை மேலாளர் என்னிடம் கொடுத்தார். ஆலையிலேயே நம்பகமான கண் உன்னுடையதுதான் என்றார்.

அத்தோடு நான் நிறுத்தியிருப்பேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விளக்கைக்கூட ஒழுங்காக மாட்டிவிட்டேன்.

போன மாதம் ஒரு சாம்பல் நிற மாதிரி வந்தது. சாம்பல் என்று சும்மா பெயர்தான், உள்ளே என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. ஏழு தடவை போட்டேன். ஏழு தடவையும் கோடு பளிச்சென்று தெரிந்தது. பழைய யோசனைகள் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டன, தையல், மருந்துக் கடை எல்லாம். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தாள். ஜன்னலோரம் கிடந்த இரண்டு துண்டையும் பார்த்தாள். வாயைக் கோணினாள்.

"இதுக்கு ஊதா கொஞ்சம் வேணும்போல இருக்குக்கா" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "விடு, என் கண்ணை நம்பி எதையும் பண்ணிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஊதா சேர்த்துப் போட்டேன். கோடு காணாமல் போயிற்று.

மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினார். "அனுபவம்னா இதுதான். அன்னிக்கே இந்தம்மாவைப் போட்டிருக்கணும்" என்றார். கூட்டத்தின் பின்னால் நின்ற சின்னவள்தான் முதலில் கை தட்டினாள். "பாத்தீங்களா, எங்க அக்கா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஊதாவைச் சொன்னது தான்தான் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வேலை போய், நம்பிக்கை போய், சட்டை நிறம் கேட்கிற நிலைமைக்கு வந்த பிறகும் அந்தக் கண் அப்படியே இருந்தது. நான் இத்தனை பாடுபட்டும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலை மருந்து அறைக்குப் போனேன். தொட்டியில் மஞ்சள் மூடிக் கேனை ஏற்கெனவே ஊற்றியிருந்தார்கள். பச்சை மூடிக் கேனை ஊற்றுவதென்றால் அதைக் கழுவி விட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். இன்னும் கழுவவில்லை.

"அக்கா, வேலைச் சீட்டைப் பாரு. இன்னும் ஒரு கேன் மஞ்சள் ஊத்தணுமா, இல்ல பச்சையா?" என்று கேட்டாள்.

"மஞ்சள்" என்றேன்.

ஒரு கேனைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு இது பச்சையாத் தெரியுது. நீ பாரு."

பார்த்தேன். "மஞ்சள்தான்டி. ஊத்து."

"நல்லவேளை நீ இருக்க" என்றாள். ஊற்றினாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். புகை நடைவழிக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து. உள்ளேயிருந்து அவள் இரண்டு தடவை அக்கா என்றாள். கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இதே காவல் நிலையத்தில் உங்கள் விசாரணை அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மூடிகள் பழையவை, நிறம் மங்கியவை, மூத்த பணியாளரின் கண் தவறிவிட்டது, வேண்டுமென்று நடந்ததல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். மேலாளரும் வந்து ஆறுதல் சொன்னார். "வயசானா யாருக்கும் கண்ணு ஏமாத்தும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காத. ஷேடு அறை வேணாம், வேற பிரிவுல போட்டுத் தர்றேன்" என்றார்.

அதனால்தான் இன்று நானாகவே வந்து இத்தனையும் சொல்கிறேன். அது பச்சை மூடி. கதவுப் பக்கம் நின்று, அந்த மங்கல் வெளிச்சத்தில், ஒரே பார்வையில் எனக்குப் பச்சை என்று தெரிந்தது. கண் தவறியது என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள். கொலைகாரி என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.