முப்பத்து நான்கு கோடைகளும் கேளாத ஒரு கேள்வியும்

பாலிகெரன் கடற்கரைச் சிறுவர் ஊழியத்தை முப்பத்து நான்கு கோடைகள் தலைமையேற்று நடத்தி ஓய்வுபெறும் திருமதி ஹெஸ்டர் கில்மோர் அவர்களுக்கு உடன் ஊழியர்கள் உவந்தளிக்கும் மடல்

மணலிலே மேடை கட்டி மழலையர் மனத்திலே மறை விதைத்த மாதரசியே! காற்றடித்தாலும் கலங்காமல், மழை கொட்டினாலும் மனம் சளைக்காமல், மழைக்கோட்டின்மேல் மழைக்கோட்டு மாட்டி ஆண்டவரின் அன்பை அறிவித்த அருந்தாயே! கதை சொல்ல வாய் திறந்தால் கடற்காகத்தையும் கட்டிப்போடும் கனிமொழியே! கேக் வெட்டும்போது கை சுருங்காத கொடைவள்ளலே! வணக்கம்!

இந்த அடைமொழிகளைக் கேட்டு நீங்கள் நாற்காலியில் நெளிவது இங்கிருந்தே தெரிகிறது. நெளியுங்கள். முப்பத்து நான்கு வருடம் எங்களைக் காலை ஆறரைக்கு எழுப்பிக் கையில் மண்வெட்டியைத் திணித்தவர், ஒரு மாலைப்பொழுது நெளிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மடல் எழுதும் வேலையைச் செயலாளர் வேலரி டாட்ஸாகிய என்னிடம் ஒப்படைத்த குழுவினர், சுருக்கமாக எழுது, யாரையும் குத்தாதே, அழவைக்காதே என்று மூன்று நிபந்தனை போட்டார்கள். முதல் இரண்டும் என் சுபாவத்துக்கு ஒத்துவராது. மூன்றாவதற்கு நான் பொறுப்பல்ல.

முதற்கோடையில் நீங்கள் ஊழியத்துக்கென்று வரவேயில்லை. கணவர் டெஸ்மண்டோடும் ஐந்து வயது மகள் லோர்னாவோடும் கேரவன் என்னும் வீட்டு வண்டியில் இரண்டு வாரம் தங்கி ஓய்வெடுக்க வந்தீர்கள். அப்போதைய தலைவருக்கு மூன்றாம் நாளே இடுப்புப் பிடித்துக்கொள்ள, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உங்களிடம் மண்வெட்டி வந்து சேர்ந்தது. அன்று பிடித்ததை இந்த ஆகஸ்டில்தான் கீழே வைத்தீர்கள். காலை ஏழு மணிக்கு அப்பாக்கள் வந்து தோண்ட, மார்பளவு மணல்மேடை எழும்ப, பிள்ளைகள் சிப்பியும் கடற்பாசியும் மஞ்சள் பூவும் பொறுக்கிவந்து அதன் முகப்பில் அன்றைய வசனத்தைப் பதிக்க, பதினொரு மணிக்கு நீங்கள் அதன்மேல் ஏறி வேதாகமக் கதை சொல்ல, பிறகு கடல் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போக, மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிய அந்தப் பொறுமையை என்னென்று புகழ்வோம்!

அந்தப் பொறுமையை அதிகம் சோதித்தவள் நான்தான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையிலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பாலிகெரனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்பதாம் கோடையில் நான் மறந்தேன். கடல் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அடித்துச் சொன்னேன்; அது ஏறிக்கொண்டிருந்தது. கதையின் முக்கியமான இடத்தில் மேடையின் பாதி கரைய, நீங்கள் இடுப்பளவு நுரையில் இறங்கி நின்றுகொண்டு கதையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தீர்கள். கைதட்டிய பிள்ளைகள் நாளைக்கும் இப்படியே செய்வீர்களா என்று கேட்டார்கள். என்னிடம் நீங்கள் கேட்டதெல்லாம் காய்ந்த காலுறை இருக்கிறதா என்பதுதான்.

மாண்புமிகு அம்மையாரே! மணலில் பதினான்கு நாள், மீதி நாளெல்லாம் வீட்டு மேசையில் என்பீர்கள். உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு மேசையில் நாளுக்கு ஒருவர் முறைவைத்து, கடவுளைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கலாம். பெரியவர்கள் மழுப்பக் கூடாது. ஒன்று பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பால்பண்ணைக்காரரான டெஸ்மண்ட் முக்கால்வாசி நாள் தெரியவில்லை என்றுதான் சொன்னார் என்பது ஊரறிந்தது. அந்த மேசையில் நானும் நிறைய உருளைக்கிழங்கு ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே அதே வழக்கப்படி உங்கள் கேரவன் மேசையில் ஒரு மாலை நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அந்நாளில் நம் ஊழியத்தின் முறை வேறு. கடைசி நாள் கூட்டத்தில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இயேசுவைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் கை தூக்க வேண்டும். செயலாளர் எண்ணி, தலைமைக் குழுவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஆறாம் கோடை முழுக்க மழை. கடைசி நாள் வந்தவர்கள் பதினான்கு பேர். தூக்கிய கை ஒன்றே ஒன்று, பத்து வயது லோர்னாவின் கை. நான் மகிழ்ச்சியாக ஒன்று என்று குறித்துக்கொண்டு உங்கள் கேரவனுக்குச் சாப்பிட வந்தேன். அன்று லோர்னாவின் முறை. அவள் கேள்வி கேட்கவில்லை.

"யாருமே கை தூக்கலம்மா. நான் கண்ணத் தொறந்து பாத்துட்டேன். உன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, பாவமா இருந்துச்சு, அதான் தூக்கினேன்" என்றாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "போன மூணு வருஷமும் அப்படித்தான்" என்றும் சொன்னாள்.

டெஸ்மண்ட் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வெண்ணெயைப் பார்த்தேன். நீங்கள் திட்டவில்லை. இனிமேல் எனக்காகத் தூக்க வேண்டாம் கண்ணு, உனக்கென்று எப்போது வருகிறதோ அப்போது வரட்டும் என்று சொல்லி, அவள் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தீர்கள். மறுநாள் கொட்டும் மழையில் என் கதவைத் தட்டி, ஒன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதச் சொன்னீர்கள். பதினான்கு நாள் வேலைக்குப் பூஜ்யம் என்றால் தலைமைக் குழு நம்மை இழுத்து மூடிவிடும் என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"அது அவ கை இல்ல, வேலரி. அது என் கை" என்றீர்கள்.

பூஜ்யம் போட்டேன். அதற்குப் பிறகு பாலிகெரனில் யாரும் கை தூக்கச் சொல்லப்படவில்லை. தலைமைக் குழுவிலிருந்து கோட்டு அணிந்த இரண்டு பெரியவர்கள் வந்து, எண்ணிக்கை இல்லாமல் பலனை எப்படி அறிவது என்று விசாரித்தார்கள். அவர்கள் கையிலும் நீங்கள் மண்வெட்டியைக் கொடுத்தீர்கள். ஒரு வருடம் பார்ப்போம் என்று கால்சட்டை நிறைய மணலோடு திரும்பிப் போனார்கள். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை!

கைகளுக்குப் பதிலாகத்தான் உங்கள் வீட்டு வழக்கத்தை, விடுமுறைக்கு வந்து தங்கிய குடும்பங்களின் எல்லாக் கேரவனுக்கும் அனுப்பினீர்கள். தினமும் கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. அதை அவர்கள் வீட்டார் சாப்பிடும்போது கேட்க வேண்டும். முதல் வாரத்திலேயே பெல்ஃபாஸ்ட் பஸ் ஓட்டுநர் ராய் பர்டி, முகம் சிவக்க உங்களைத் தேடி வந்தார். அவருடைய மகன், அப்பா நீங்கள் எப்போதாவது ஜெபம் செய்திருக்கிறீர்களா என்று சாசேஜை வாயில் வைக்கும் நேரம் பார்த்துக் கேட்டுவிட்டானாம்.

"நான் லீவுக்கு வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?" என்று கத்தினார். உண்மையான பதில் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை செய்ததாகவும், அது மகன் பிறந்து மூச்சுவிடாமல் கிடந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்றும் அவர் முணுமுணுத்தார். அதையே போய் அவனிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ராய் தோண்ட வந்தார். பதினொரு கோடை தொடர்ந்து வந்தார். இன்றைக்கும் பின்வரிசையில் இருக்கிறார், சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்திலேயே.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படி வழி திறந்த உங்களுக்கு உங்கள் பிள்ளை விஷயத்தில் வாய்த்தது காத்திருப்புதான். லோர்னா பதினேழு வயதில், நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, தெரியாமல் மணலில் நின்று பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கிளாஸ்கோவுக்குப் போய்க் கப்பல் இயந்திரம் படித்தாள். நீங்கள் தடுக்கவில்லை, பெட்டியைக் கட்டிக் கொடுத்தீர்கள். அந்தக் குளிர்காலம் நடந்த குழுக்கூட்டத்தில், தன் மகளையே தக்கவைக்கத் தெரியாதவர் மற்றவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார் என்று ஒரு நாக்கு பேசியது. தேநீர்த் தட்டோடு கதவருகே நின்ற நீங்கள் அதைக் கேட்டீர்கள். உள்ளே வந்து, அந்த நாக்குக்கு உரியவளுக்குத்தான் இருப்பதிலேயே பெரிய கேக் துண்டை வைத்தீர்கள். அந்த நாக்கு என்னுடையது. இருபத்தொரு வருடமாக அந்தக் கேக் எனக்குச் செரிக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன், ஹெஸ்டர், என்னை மன்னியுங்கள்.

ஞாயிறுதோறும் லோர்னா தொலைபேசியில் கூப்பிடுவாள். வானிலை பேசுவீர்கள், இயந்திரம் பேசுவீர்கள், அவளுடைய பூனையின் வயிற்றுக்கோளாறு பேசுவீர்கள். ஆலயத்துக்குப் போகிறாயா, ஜெபிக்கிறாயா, இப்போதாவது நம்புகிறாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மனம் பொறுக்காமல் நான்தான் ஒருநாள் உங்களைப் பிடித்து உலுக்கினேன். தாய்தானே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றேன்.

"கேட்டா அவ ஆமான்னு சொல்லிடுவா, வேலரி. அதுதான் எனக்கு பயம்" என்றீர்கள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் போடப் போனீர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் டெஸ்மண்டுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து, அப்பாவுக்குப் பதிலாகத் தோண்டவென்று லோர்னா ஒவ்வொரு கோடையும் வந்தாள். தோண்டுவாள், கதை தொடங்குமுன் மண்வெட்டிகளைக் கழுவ ஓடைக்குப் போய்விடுவாள். நீங்கள் அவள் போகும் திசையைக்கூடப் பார்க்காமல் கதையைத் தொடங்குவீர்கள். அது எவ்வளவு பெரிய பாடு என்று பக்கத்தில் நின்ற எங்களுக்குத் தெரியும்.

முறைப்படி வாழ்த்து கடைசியில்தான் வரவேண்டும். நான் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சொல்லைக் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். கருணையின் கலங்கரையே! கண்டிப்பிலும் கனிவு குன்றாத கண்மணியே! முழங்கால் நோகாமல், மூட்டு பிடிக்காமல், டெஸ்மண்டின் பழைய நகைச்சுவைகளைப் பொறுக்கும் பலத்தோடு, காலை ஒன்பது மணிவரை போர்வைக்குள் கிடக்கும் சுகத்தோடு, நூறு வயது தாண்டியும் நீங்கள் நலமாக வாழ ஆண்டவரை வேண்டுகிறோம்.

இனி, நீங்கள் அறியாத ஒன்று. இந்த ஆகஸ்டில் இரண்டாம் வாரம் வியாழக்கிழமை உங்களுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்து, கேரவனில் படுத்துக் கிடந்தீர்கள். கதை நன்றாகவே நடந்தது என்று உங்களிடம் சொன்னோம். யார் சொன்ன கதை என்று சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏறினால் அவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும். கழுவப் போய்க்கொண்டிருந்த லோர்னாவை வழிமறித்து, அப்பாவுக்குப் பதிலாகத் தோண்டுகிறாயே, இன்றைக்கு அம்மாவுக்குப் பதிலாக ஏறேன் என்று கேட்டேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு ஏறினாள். உங்களைப்போல அல்ல, மெதுவாக, தேடித் தேடிச் சொன்னாள். ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும், முன்னால் இருந்த ஏழு வயது டார்சி கேட்டாள்: "நீங்க நெசமாவே இத நம்புறீங்களா, இல்ல உங்கம்மா சொல்லச் சொன்னாங்களா?"

 லோர்னா அந்தச் சிறுமிக்கு நேராகக் குனிந்தாள். பதில் சொன்னாள். பிறகு ஓடையருகே என்னிடம் வந்து, நானே போய் அம்மாவிடம் சொன்னால் மறுபடியும் அம்மா முகத்துக்காகச் சொன்னது போலாகிவிடும், நேரம் பார்த்து நீங்கள் சொல்லுங்கள் என்றாள். ஒன்பது வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஹெஸ்டர். என்னை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவள் டார்சியிடம் சொன்னது இதுதான்: "நம்புறேன். எங்கம்மாவுக்காக இல்ல. அவங்களுக்கு இது இன்னும் தெரியாது."

இப்போது தெரியும். லோர்னா மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். எழுந்து போங்கள், ஹெஸ்டர், நாங்கள் காத்திருக்கிறோம்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
பாலிகெரன் கடற்கரைச் சிறுவர் ஊழியக் குழுவினர்
அவர்கள் சார்பில், வேலரி டாட்ஸ், செயலாளர்