நின்றுபோன இயந்திரத்துக்கே என் வாக்கு

அவைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் புஹாரி ஹாஜியார் அவர்களே, உக்குவளை மின்வேலிப் பெட்டிக் கூட்டுறவுச் சங்கத்தின் அச்சாணிகளாகிய மூத்தோரே, ஈயப் புகையில் கண் கலங்கினாலும் கை கலங்காத தாய்மாரே, கலேவெலயிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

இன்று 2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. நம் பட்டறைக்கு, ஈயத்தை உருக்கி இணைப்புகளைப் பற்றவைக்கும் எந்த லேசர் பற்றாசு இயந்திரம் என்று, சற்று நேரத்தில் கையுயர்த்தித் தீர்மானிக்கப் போகிறோம். நீங்கள் எதற்குக் கையுயர்த்துவீர்கள் என்பது தெரிந்தேதான் பேச எழுந்தேன்.

செயல்விளக்கம் நடந்தது மே பதினான்கு. அழைப்பிதழில் பதின்மூன்று என்று அச்சாகியிருப்பது பிழை. பதின்மூன்று வெசாக் விடுமுறை. சிரிக்கலாம், ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இயந்திரங்கள் வந்தன. மாலையிட்டோம், துஆ ஓதினோம், தேங்காய் உடைத்தோம். ஒளி இறங்கும் கண்ணாடியிலே தங்கம்மா அக்கா சந்தனம் வைத்தார்.

"கண்ணுலயா வைக்கிறது?" என்றார் ஸக்கரியா நானா.

"கண்ணு படாம இருக்கக் கண்ணுலதாங்க வைக்கணும். உங்க தாடிக்கும் கொஞ்சம் வைக்கட்டா?"

சிரித்துக்கொண்டே துடைத்தோம். இரண்டிலும் மெல்லிய படலம் தங்கிவிட்டது.

முதல் இயந்திரம் சூட்டை அளந்தது, படலத்தால் ஒளி மங்கிச் சூடு போதாதென்று கண்டது, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது. நாம் என்ன செய்தோம்? "பொண்ணு பார்க்க வந்த எடத்துல மயங்கி விழுற மாப்பிள்ளை" என்று கேலி செய்தோம். இரண்டாவதற்கோ அளக்கும் அறிவில்லை. நிற்கவில்லை, தயங்கவில்லை, பளபளவெனப் பற்றவைத்துத் தள்ளியது. நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். தட்டிய கையோடு, அது பற்றவைத்த சோதனை மின்சுற்றுப் பலகையை வீணாக்குவானேன் என்று பெட்டியில் பூட்டி, கலேவெல விவசாயி அழகுமுத்துவின் யானைவேலிக்கு அனுப்பினோம்.

ஜூன் மூன்று, செவ்வாய், விடியற்காலை. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வேலிக் கம்பியில் மின்சாரம் இல்லை. யானை விளக்கைக் கண்டா அஞ்சும்? வேலியை மிதித்தது, வயலை மிதித்தது, சமையலறைச் சுவரைச் சாய்த்தது. சுவர் விழுந்தது அழகுமுத்துவின் வலக்கை மீது.

"லைட்டு எரியுதுன்னு நம்பித்தாங்க ஐயா கதவத் தொறந்தாரு" என்றார் அவர் மனைவி சுபாஷினி. பெட்டியைத் திறந்து ஓர் இணைப்பை விரலால் தொட்டேன், கழன்று வந்தது. மேலே பளபளப்பு. அடியிலோ ஈயம் செம்பைப் பிடிக்கவே இல்லை.

பின்வரிசையில் யாரோ, "சந்தனம் வச்சதுதானே பிழை?" என்கிறார். தம்பி, சந்தனத்தைத் துடைக்கலாம். நாளை புகை படியாதா? மறுநாள் தூசு படியாதா? யாரும் தங்கம்மா அக்காவைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் சந்தனம் வைத்திராவிட்டால் எது நிற்கும், எது நிற்காது என்பதே நமக்குத் தெரிந்திராது. கண் மங்கிய நாளில் நிற்கத் தெரிந்த இயந்திரம் வேண்டுமா? மங்கியதே தெரியாமல் மினுக்கிக் காட்டும் இயந்திரம் வேண்டுமா?

முன்வரிசையில் மாவுக்கட்டோடு அமர்ந்திருக்கிறார் அழகுமுத்து. மே பதினான்கில் நம்மோடு கைதட்டியவர், இன்று தட்ட இயலாதவர். உயர்த்துவதற்கு அவருக்கு ஒரு கை இருக்கிறது. அது எந்த இயந்திரத்துக்கு உயர்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு உங்கள் கைகளை உயர்த்துங்கள்.

பொறுமையோடு செவிமடுத்தீர்கள், நன்றி. என் பேச்சுக்குக் கைதட்ட வேண்டாம். வணக்கம், வஸ்ஸலாம்.