விளக்குக்காரனின் இடது கை

ஆசிரியர் அவர்களுக்கு,

கறுப்பு வெள்ளையில் வந்த கதைகளுக்கு வண்ணம் பூசி மறுபதிப்புப் போடுவது எனக்குப் பிடிக்காது. சினிமாவில் கடைசிப் பத்து நிமிடத்தில் வில்லன் திருந்துவதும், சீரியலில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரே நாளில் அம்மாவை மாற்றுவதும் பிடிக்காது. இவை என் சொந்தக் கருத்துகள். இதற்காக யாரோடும் மல்லுக்கட்ட மாட்டேன்.

மறைந்த கிளெமென்டைப் பற்றி வாசகர் பக்கத்துக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். செம்பட்டியில் உங்கள் காமிக்ஸுக்கு மிஞ்சியிருந்த வாசகர்கள் நாங்கள் இருவர்தான். அவன் மினி பஸ் ஓட்டினான். எனக்கு ஜெராக்ஸ் கடை. இரண்டு பிரதிகளும் ஒரே பார்சலில் என் கடைக்கு வரும்.

உங்கள் ‘சங்குத்துறைக் கொலைகள்’ பதினொரு ஆண்டு ஓடிய தொடர். கொலைகாரன் இடது கைக்காரன் என்பது முதல் பாகத்திலேயே தெரியும். இரண்டாம் பாகத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் கலங்கரை விளக்கக் காவலாளி இடது கையால் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, “விளக்குக்காரன்தாம்லே கொலைகாரன்” என்றான் கிளெமென்ட். அந்தக் கட்டம் இடம் வலம் மாறி அச்சாகிவிட்டது என்று நான் விளக்கினேன். உங்கள் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேரும் என் பக்கம். அன்றிலிருந்து அங்கே அவனை ‘விளக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

போன ஆவணியில் அவனுக்கு நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கிவிட்டது. தள்ளிப்போட்டால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இவன் ஒற்றைக்காலில் நின்றான். “முடிவு தெரியாம நான் தியேட்டருக்குள்ள போகமாட்டேன்” என்று சிரித்தான். மயக்கம் தெளியாமலே போய்விடுவோமோ என்று அவனுக்கு உள்ளூரப் பயம். தொடரின் கடைசிப் பாகம் அந்த வாரம் வரவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்துவிட்டது. என் பிரதியை ஒரே மூச்சில் படித்தேன். அறுபத்தோராம் பக்கத்தில் விளக்குக்காரன் இடது கையில் கத்தியோடு நிற்கிறான். ஓவியம் அருமை.

கிளெமென்டின் பிரதியை ஜெராக்ஸ் தாள் கட்டுகளுக்குக் கீழே வைத்தேன். அச்சகத்தில் தாமதமாம் என்று அவனிடம் சொன்னேன். உங்கள்மீது வீண்பழி போட்டதற்கு மன்னிக்க வேண்டும். குழுவைத் திறந்தால் எவனாவது முடிவைப் போட்டு உடைத்துவிடுவான் என்றேன். குழுவை விட்டே விலகிவிட்டான். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வாரம்.

பதினேழாம் நாள் அவன் மனைவி அன்புக்கரசி கடைக்கு வந்தாள். “மதியண்ணே, அந்தப் பொஸ்தகம் வந்தா கையோட குடுத்துருங்கண்ணே. அதப் படிச்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு வாரேங்கிறாரு. அம்புட்டுப் பேரும் சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்கிறாரு.”

“வந்தா தராம இருப்பேனாம்மா?” என்றேன். அந்தத் தாள் கட்டுகளின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். குருட்டாம்போக்கில் சொன்னது ஒன்று பலித்துவிட்டால் அது ரசனை ஆகிவிடாது. பதினொரு ஆண்டு ஒருவனைத் திருத்திக்கொண்டே வந்தவனுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். முன்னால் அன்புக்கரசி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“வந்துருச்சாலே?”

“வந்துருச்சு. படிச்சிட்டேன்.”

“விளக்குக்காரன்தான?”

கொஞ்சம் நெருங்கி அவன் காதில் சொன்னேன். “இல்லப்பு. நீ சொன்னது தப்பு.”

அவன் முகம் சுருங்கிப்போனது. திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

இதைக் கொலை என்று சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. புத்தகத்தைக் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடிதத்தைப் போலீஸுக்கு அனுப்பினாலும் சரி, என் பெயரோடும் படத்தோடும் வாசகர் பக்கத்தில் போட்டாலும் சரி. ஒரு சொல்லைக்கூட நீங்கள் மாற்ற வேண்டாம். கிளெமென்ட் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று தெரியும் இடங்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.